பேசித் தேடுகிறவர்களுக்கு நம் தோசைக்கல் கிடைக்க என்ன செய்யலாம்?

கோவை_வார்ப்பு

வணக்கம். கோவையில் அப்பா காலத்துப் பாத்திரக்கடை எங்களுடையது. வார்ப்பிரும்பு தோசைக்கல், பணியாரக்கல், ஆப்பச்சட்டி, கடாய், கொஞ்சம் மாக்கல் சட்டி. ஃபவுண்டரியில் வார்த்து வாங்கி, கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் தேய்த்து, எண்ணெய் பூசிச் சூடேற்றி, பழக்கித்தான் கொடுக்கிறோம். அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் இருக்கிறோம். சொந்த வெப்சைட் ஒன்றும் இருக்கிறது, பெயருக்கு.

ஓர் ஏஜென்சிக்காரர் விடாமல் போன் செய்கிறார். "இனிமே யாரும் டைப் பண்ண மாட்டாங்க சார். தேடுறவங்கள்ல பாதிப் பேர் பேசித்தான் தேடுறாங்க. உங்க லிஸ்டிங் எதுவும் வாய்ஸுக்கு ரெடியா இல்ல" என்கிறார். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் பேக்கேஜ். வெப்சைட்டில் 'வாய்ஸ் ஸ்கீமா' போடுவார்களாம். ஒவ்வொரு பொருளுக்கும் நாற்பது கேள்வி பதில் எழுதுவார்களாம். அமேசான் தலைப்புகளை "சிறந்த தோசைக்கல் எது?" என்கிற மாதிரிக் கேள்வியாக மாற்றுவார்களாம்.

சிரிப்பு வந்தாலும் முழுசாக ஒதுக்க முடியவில்லை. போன மாதம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். "உங்க கடையை போன்ல பேசிப் பேசித் தேடுனேன், என்னென்னமோ வருது, நீங்க மட்டும் வரலை. அப்புறம் பேரன்தான் எடுத்துக் குடுத்தான்" என்றார். எங்களிடம் வாங்குகிறவர்களில் இந்த வயதுக்காரர்கள் நிறைய. இவர்கள் டைப் செய்வதில்லை, மைக்கை அழுத்திப் பேசுகிறார்கள்.

எங்கள் தோசைக்கல்லின் அமேசான் தலைப்பு இப்போது இப்படி இருக்கிறது (அங்கே ஆங்கில எழுத்தில்): 'பிரீமியம் ஹெவி டியூட்டி காஸ்ட் அயர்ன் தோசா தவா பான் ஃபார் தோசா சப்பாத்தி ரோட்டி ஊத்தப்பம் தவா பெஸ்ட் குவாலிட்டி நான்ஸ்டிக் தவா 12 இன்ச் பிளாக்'. பக்கத்துக் கடைத் தம்பி எழுதிக் கொடுத்தது.

இதை மாற்றினால் பேசித் தேடுகிறவர்களுக்குக் கிடைப்போமா? 'தோசைக்கல்' என்று தமிழிலேயே போடலாமா? அந்த முப்பத்தைந்தாயிரத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

செக்கடி_விருதுநகர்

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நான் விற்கிற செக்கு எண்ணெய்க்கும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். நான் "சரி, இப்ப என் முன்னாடியே மைக்ல பேசி, உங்க பழைய கஸ்டமர் ஒருத்தரோட பொருளை எடுத்துக் காட்டுங்க" என்றேன். "மீட்டிங்ல இருக்கேன் சார்" என்று வைத்தவர்தான்.

என் அனுபவத்தில் ஒன்றே ஒன்றுதான் பலித்தது. நல்லெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் 'செசமி' என்று படித்தவர்கள் எழுதுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் வாயில் வருவது 'ஜிஞ்சிலி ஆயில்'. வடக்கே 'தில்'. அமேசான் விளம்பர ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தால் ஜனங்கள் என்ன சொல்லித் தேடினார்கள் என்று அப்படியே இருக்கும். ஜிஞ்சிலியைத் தலைப்பில் முன்னால் கொண்டுவந்தேன், ஆர்டரில் வித்தியாசம் தெரிந்தது. இதற்குப் பெயர் வாய்ஸா வேறென்னவா, எனக்குத் தெரியாது.

திரைச்சீலை_கரூர்

தம்பி, கரூரில் திரைச்சீலை, மேசைவிரிப்பு, ஏப்ரன் தைக்கிற கம்பெனிகளுக்கு லிஸ்டிங் எழுதுவதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு படியுங்கள்.

அந்த 'பாதிப் பேர்' கதையை முதலில் முடித்துவிடுவோம். 2014-இல் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ இங், அப்போது சீனாவின் பைடு என்கிற தேடல் நிறுவனத்தில் இருந்தவர், ஐந்து வருடத்தில் தேடல்களில் பாதியாவது பேச்சு அல்லது படம் வழியாக நடக்கும் என்று ஒரு பேட்டியில் சொன்னார். அது ஒரு கணிப்பு, அவ்வளவுதான். போகப் போக அதிலிருந்து 'படம்' உதிர்ந்தது, பைடு உதிர்ந்தது, "2020-க்குள் உலகத் தேடலில் பாதி குரல்" என்று ஏதோ ஆராய்ச்சி முடிவு போல ஊர் சுற்ற ஆரம்பித்தது. 2020 வந்து போயே போய்விட்டது. விற்பனைப் பேச்சில் மட்டும் அது இன்னும் வரப்போகிறது.

மைக்கை அழுத்திப் பேசினால் பேச்சு எழுத்தாக மாறித் தேடல் பெட்டியில் விழுகிறது. அதற்குப் பிறகு நடப்பது கையால் அடித்த தேடலுக்கு நடப்பதேதான். விற்பனையாளர் பக்கத்தில் 'குரலுக்கு' என்று தனிக் கட்டம் எதுவும் கிடையாது. எதைத் தேடி நம் வெப்சைட்டுக்கு வந்தார்கள் என்று காட்டுகிற கூகுள் சர்ச் கன்சோல்கூட எது பேசித் தேடியது, எது அடித்துத் தேடியது என்று பிரித்துக் காட்டாது. ஆகவே "உங்க வாய்ஸ் ரேங்க் ஏறியிருக்கு" என்று யாராவது அறிக்கை நீட்டினால், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

நமக்கு இருக்கும் வேலை வேறு: நம் ஆட்கள் வாயால் சொல்வது பெட்டியில் என்ன எழுத்தாக விழுகிறது என்று பார்ப்பது. இதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அம்மாவையோ கடைக்கு வரும் வாடிக்கையாளரையோ கேளுங்கள். உங்கள் போன் வேண்டாம், அவர்கள் போன். நீங்கள் 'தோசைக்கல்' என்று சொல்லிவிடக் கூடாது. கல்லைக் கையில் தூக்கிக் காட்டி "இது ஒண்ணு வாங்கணும்னா போன்கிட்ட என்ன கேப்பீங்க?" என்று விட்டுவிட வேண்டும். வருவதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இரண்டு வகை கிடைக்கும். போன் கீபோர்டில் தமிழ் சேர்த்து வைத்திருப்பவர் பேசினால் தமிழ் எழுத்து விழும். கூகுள் 2017-லேயே தமிழில் பேசி எழுதும் வசதியைக் கொடுத்துவிட்டது, கீபோர்டில் இருக்கும் அந்த மைக் அமேசான் பெட்டியிலும் வேலை செய்யும், ஃபிளிப்கார்ட்டிலும் செய்யும். கீபோர்டு ஆங்கிலத்திலேயே இருந்து ஆள் தமிழில் பேசினால்தான் வேடிக்கை. கல் என்றால் போன் செய்கிற 'கால்' ஆகும், தோசை ஏதாவது ஆங்கிலச் சொல்லாகும். நான் ஒருமுறை 'வாசல் திரைச்சீலை' என்று சொல்லி வந்ததை வீட்டில் காட்டினால் இன்னும் சிரிக்கிறார்கள்.

வந்த ஒவ்வோர் எழுத்தையும் அமேசான், ஃபிளிப்கார்ட், கூகுள் மூன்றிலும் போட்டுப் பாருங்கள். முதல் பக்கத்தில் தோசைக்கல்லே வரவில்லை என்றால் அந்த எழுத்தை விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்வது அமேசான் வேலை, கடைக்காரர் வேலை இல்லை. மற்றவர்கள் கல் வருகிறது, உங்களுடையது வரவில்லை என்றால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

அந்தப் பொள்ளாச்சி அம்மா சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். அவர் தோசைக்கல்லைத் தேடவில்லை. உங்கள் கடையைத் தேடினார். அது கூகுள் மேப்பில் இருக்கும் உங்கள் கடைப் பக்கத்தைப் பொறுத்தது, அமேசான் தலைப்பை எப்படி மாற்றினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. கடைப்பெயர் மேப்பில் எப்படி இருக்கிறது? மூன்று இனிஷியலும் ஒரு டிரேடர்ஸும் என்றால், அதை வாயால் சொல்லி போன் சரியாக எழுதுவது கஷ்டம்தான். போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பெயராக இருக்க வேண்டும். பெயரோடு 'தோசைக்கல் பணியாரக்கல்' என்று ஒட்டவைக்காதீர்கள், விதிக்குப் புறம்பு, பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். ஆனால் கடை வகை, பொருள்கள், படங்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பா இல்லையா, இதையெல்லாம் நிரப்பலாம். பேசித் தேடுகிறவர்கள் 'பக்கத்துல', 'கிட்டக்க' என்று கேட்பது அதிகம். கடைக்கு வந்து வாங்குகிறவர்களிடம் தமிழிலேயே ஒரு வரி ரிவ்யூ எழுதச் சொல்லுங்கள். "பணியாரக்கல் வாங்கினோம், நல்லா இருக்கு" என்று ஒருவர் எழுதினால், கடையைப் பற்றி அந்தச் சொல் அங்கே ஏறிவிடுகிறது.

இனி ஏஜென்சி சரக்கு. ஸ்கீமா என்றால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்ல வெப்சைட்டுக்குள் வைக்கிற குறியீடு. 'வாய்ஸ் ஸ்கீமா' என்று அவர் சொல்வது பெரும்பாலும் 'ஸ்பீக்கபிள்' என்கிற, வாய்விட்டுப் படிக்க வேண்டிய பகுதியைக் காட்டும் குறியீடாக இருக்கும். கூகுள் அதை பீட்டா நிலையில், அமெரிக்காவில், ஆங்கிலத்தில், செய்தித் தளங்களுக்காக வைத்தது. கோவைத் தோசைக்கல்லுக்கு அதில் என்ன வேலை? நாற்பது கேள்வி பதிலை எழுதி அதற்கு ஸ்கீமா போட்டால் கூகுளில் விரிந்து தெரியும் என்பதும் பழைய கதை. 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் என்று சுருக்கிவிட்டார்கள். உங்கள் வெப்சைட்டில் உண்மையில் வேண்டியது, விலை, கையிருப்பு, ரேட்டிங் இவற்றைச் சொல்லும் சாதாரண 'புராடக்ட்' ஸ்கீமா. நீங்கள் எந்தக் கடை மென்பொருளில் வெப்சைட் வைத்திருந்தாலும் அது பெரும்பாலும் தானாகவே இருக்கும்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். சோப்பு டப்பாவில் பெயருக்குப் பதிலாக "குளிக்க நல்ல சோப்பு எது?" என்று அச்சடிக்கிற மாதிரி. அமேசானில் 'பெஸ்ட்' என்கிற மாதிரிப் புகழ்ச்சிச் சொல்லுக்கே இடமில்லை. 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான பிரிவுகளில் தலைப்பு 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரே சொல் இரண்டு தடவைக்கு மேல் வரக் கூடாது. உங்கள் தலைப்பில் 'தவா' மூன்று தடவை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

தலைப்பை எழுதியதும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்காமல் படிக்க முடிந்தால் சரி. நான் எழுதினால் இப்படி: கம்பெனிப் பெயர், 'காஸ்ட் அயர்ன் தோசை கல்', 'தோசா தவா', 12 இன்ச், பழக்கியது என்பதற்கு 'ப்ரீ சீசன்டு', எடை. அதோடு நிறுத்திவிடுவேன். பட்டியலை நாம் ஆங்கிலத்தில் ஏற்றுகிறோம், 2020-லிருந்து தமிழில் பார்க்கிறவர்களுக்கு அமேசானே மொழிபெயர்த்துக் காட்டுகிறது. ஆப்பில் மொழியைத் தமிழாக்கி உங்கள் பொருளை ஒருமுறை திறந்து பாருங்கள். சொல்லாக அடுக்கிய தலைப்பு மொழிபெயர்ப்பில் என்ன கதிக்கு ஆளாகிறது என்று நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம், கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

அப்புறம் யாரும் கவனிக்காத இடம், பொருள் விவரக் கட்டங்கள். விட்டம், எடை, தடிமன், என்ன உலோகம், கைப்பிடி உண்டா, எந்த அடுப்புக்கு ஆகும். கையால் அடிக்கிறவர் 'தோசா தவா' என்று இரண்டு சொல்லோடு நிறுத்துவார். பேசுகிறவருக்குக் கை வலிக்காது, "இன்டக்ஷன்ல வைக்கிற மாதிரி பன்னிரண்டு இன்ச் இரும்பு தோசைக்கல்" என்று முழுசாகச் சொல்லுவார். அந்த இன்டக்ஷனும் பன்னிரண்டும் உங்கள் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்குள் அம்புக்குறி போட்டு '12 இன்ச்' என்று எழுதினால் மனிதர் கண்ணுக்குத் தெரியும், தேடலுக்கு அது வெறும் படம்.

மல்லேஸ்வரம்_வாசி

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். அறுபது தாண்டிவிட்டது. பெங்களூரில் இருக்கிறேன், சின்ன எழுத்தில் டைப் செய்யப் பொறுமை இல்லை, எல்லாம் பேசித்தான் தேடுகிறேன். அதனால் நீங்கள் பேசுகிற அந்த 'கஸ்டமர்' நான்தான்.

என்ன தேடுவேன் என்று சொல்கிறேன். மணிக்கட்டு வலி. அதனால் "எடை குறைவான இரும்பு தோசைக்கல்" என்று கேட்பேன். பத்துக் கல் காட்டும். ஒன்றிலும் எடை இருக்காது, அல்லது கல்லின் எடையா டப்பாவோடு சேர்த்த எடையா என்று புரியாது. திறந்து, கீழே போய், ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் எழுதியதைப் படித்தால்தான் "ஒரு கையால தூக்க முடியல" என்று தெரியும். அதை விற்பவரே எழுதினால் என்ன? தூக்க முடிகிறவர் வாங்குவார், என்னைப் போன்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப மாட்டார்.

இன்னொன்று. பணியாரக்கல் விற்கிறேன் என்கிறீர்கள். என் மாடிவீட்டுக் கன்னடக்காரி அதைப் 'பட்டு' செய்கிற ஹெஞ்சு என்பாள் (தமிழில் எழுதினால் புடவை மாதிரி இருக்கிறது, அவர்கள் சொல்வது 'பாடம்' என்பதில் வருகிற 'ட'வை இரட்டித்தது). ஆந்திராக்காரர்களுக்கு அது குண்ட பொங்கணாலு. என் மராட்டிச் சிநேகிதி 'அப்பே பாத்ரா' என்று தேடி வாங்கினாள். நம் ஊரிலேயே செட்டிநாட்டுப் பக்கம் குழிப்பணியாரச் சட்டி என்பார்கள். உங்கள் பக்கத்தில் பணியாரம் என்று மட்டும் இருந்தால் இவர்கள் யாருக்கும் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். பண்டம் ஒன்றுதான், உப்பா இனிப்பா என்பதில்தான் சண்டை.

கோவை_வார்ப்பு

கரூர் அக்கா, செக்கடி அண்ணா, மல்லேஸ்வரம் அம்மா, மூன்று பேருக்கும் நன்றி.

சோதித்துப் பார்த்துவிட்டேன். அம்மா கையில் போனைக் கொடுத்துக் கல்லைக் காட்டினேன். அம்மா கல்லைப் பார்க்கவே இல்லை, போனைப் பார்த்து, "ஏனுங், தோசக்கல்லு பெருசா கனமா ஒண்ணு வேணுமுங், ஒட்டக்கூடாது" என்றார். கடைக்காரரிடம் கேட்கிற மாதிரியே. தமிழ் மைக்கில் அது ஏறக்குறைய அப்படியே விழுந்தது, 'ஏனுங்' மட்டும் வேறு என்னவோ ஆனது. கடைப் பையனின் போனில் கீபோர்டு ஆங்கிலம். அங்கே அக்கா சொன்ன மாதிரி 'கால்' வந்தது.

மேப்பில் பார்த்தேன். கடைப் பெயர் ஆங்கில இனிஷியல்தான். போர்டில் தமிழில் பெரிதாக வேறு பெயர் இருக்கிறது, தாத்தா வைத்தது, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயரைப் போட்டுவிட்டேன், கூகுள் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. பொள்ளாச்சி அம்மா எதைச் சொல்லித் தேடியிருப்பார் என்று இப்போது புரிகிறது.

இரண்டு சந்தேகம். எல்லாரும் 'ஒட்டாத' என்றுதான் சொல்கிறார்கள். அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடினால் டெஃப்லான் தவாதான் வரிசையாக வருகிறது. அதில் நாமும் வர வேண்டும் என்றுதான் 'நான்ஸ்டிக்' போட்டிருந்தோம். எடுக்க மனசு வரவில்லை. இரண்டாவது, மல்லேஸ்வரம் அம்மா சொன்ன பெயர்களையெல்லாம் எங்கே போடுவது? தலைப்பில் போட்டால் பழையபடி நீளமாகிவிடும்.

திரைச்சீலை_கரூர்

நான்ஸ்டிக்கை எடுத்துவிடுங்கள் தம்பி. அந்தச் சொல்லால் வருகிறவர் மனதில் இருப்பது கருப்புப் பூச்சு போட்ட அலுமினியத் தவா. முதல் தோசை ஒட்டியதும் 'சொன்னபடி பொருள் இல்லை' என்று காரணம் போட்டுத் திருப்புவார். போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில், மூன்று கிலோ இரும்புக்கு. அதோடு போகாது. ரேட்டிங் இறங்கும், அதன் பின்னால் பட்டியலில் இடம் இறங்கும். அலெக்ஸா மாதிரிப் பேசுகிற ஸ்பீக்கரில் கேட்கிறவருக்குப் பத்துப் பொருளை வரிசையாகக் காட்ட முடியாது, ஒன்றைத்தான் சொல்ல முடியும். அமேசான் 2015-இல் 'அமேசான்ஸ் சாய்ஸ்' என்கிற முத்திரையைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அதற்குப் பார்ப்பது ரேட்டிங், விலை, உடனே அனுப்பச் சரக்கு இருக்கிறதா என்பதெல்லாம். திருப்பி வருகிற கல்லை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது.

அம்மா கேட்ட 'ஒட்டக்கூடாது'வுக்குப் பதில் புள்ளிப் பட்டியலில் இருக்கட்டும். "எண்ணெய் தடவிப் பழக்கிய கல். சூடானதும் எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்து வார்த்தால் தோசை ஒட்டாமல் எழும். பூச்சு எதுவும் இல்லை. சோப்புப் போட்டு ஊறவைக்க வேண்டாம்." இதில் 'ஒட்டாமல்' இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. 'பெருசா', 'கனமா' இரண்டுக்கும் அங்கேயே விட்டமும் எடையும் எழுதுங்கள். மல்லேஸ்வரம் அம்மா சொன்னது தங்கமான யோசனை, டப்பா இல்லாமல் கல் மட்டும் எவ்வளவு என்று போடுங்கள். மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்குப் பத்து இன்ச் கல்லைக் காட்டி விடலாமே.

பெயர்களுக்கு இடம், அமேசானில் பொருளை ஏற்றும்போது வருகிற பின்பக்கத்து 'சர்ச் டெர்ம்ஸ்' கட்டம். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது, தேடலுக்குத் தெரியும். கமா வேண்டாம், சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி போதும். தலைப்பில் இருக்கிற சொல்லை மறுபடி எழுத வேண்டாம். மற்ற கம்பெனிப் பெயர்களைப் போடக் கூடாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். அந்தக் கட்டத்துக்கு அளவு எழுத்தில் இல்லை, பைட்டில், அதாவது கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற அளவில். 200 பைட்டுக்குள் நிறுத்திவிட்டால் வம்பில்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. 'தோசைக்கல்' என்று தமிழில் எழுதினால் 27 பைட் போய்விடும். 'குழிப்பணியாரக்கல்' 51. நாலு தமிழ்ச் சொல் போட்டால் கட்டம் முடிந்தது. அளவைத் தாண்டினால் எழுதியது எதுவுமே எடுபடாமல் போகலாம். அதனால் தமிழ் எழுத்தில் ஒன்றோ இரண்டோ போதும், மிச்சத்தை ஆங்கில எழுத்தில்.

தோசைக்கல்லுக்கு நான் ஆங்கில எழுத்தில் போடுவது: தோசை கல்லு, தோசக்கல், தோஸ கல்லு (மலையாளிகளும் அப்படித்தான் சொல்லுவார்கள்), தெலுங்குக்காரர்களுக்குப் பெனம், கன்னடத்துக்குக் காவலி, ஹெஞ்சு, பிறகு கிரிடில். தமிழ் எழுத்தில் 'தோசைக்கல்' ஒன்று. பணியாரக்கல்லுக்குக் குழிப்பணியாரம், பட்டு, பொங்கணாலு, அப்பே பாத்ரா, அப்பம் பான், உண்ணியப்பம். பட்டுவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'd' (paddu), தமிழ் வழக்கப்படி இரண்டு 't' (pattu) போட்டால் நிஜமாகவே புடவை வந்துவிடும்.

இதை எழுதிவிட்டு ஒரு சின்னத் தொகையில், நாளைக்கு நூறு நூற்றைம்பது என்று வைத்து, எந்தத் தேடலுக்குக் காட்டுவது என்று அமேசானே முடிவு செய்கிற 'ஆட்டோ' விளம்பரம் ஓட்டுங்கள். ஒரு மாதம் கழித்து 'சர்ச் டெர்ம்' ரிப்போர்ட்டை இறக்கிப் பாருங்கள். செக்கடி அண்ணன் சொன்னது இதைத்தான். ஜனங்கள் சொன்ன சொல் அச்சு அசலாக அதில் இருக்கும், பேசி விழுந்த உளறல்கள் உட்பட. எதற்கு ஆர்டர் வந்ததோ அந்தச் சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள், வராததை எடுத்துவிடுங்கள். முப்பத்தைந்தாயிரத்தில் இந்த விளம்பரம் எத்தனை மாதம் ஓடும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

செக்கடி_விருதுநகர்

பைட் கணக்கு எனக்குப் புதுசு அக்கா. நான் 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்று தமிழிலேயே நாலைந்து விதமாக அடைத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கே பிரித்துப் பார்க்கிறேன். வெப்சைட்டிலும் இந்த அளவெல்லாம் உண்டா?

திரைச்சீலை_கரூர்

இல்லை. சொந்த வெப்சைட் உங்கள் வீடு, தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். கூகுளில் தமிழில் பேசித் தேடுகிறவருக்குத் தமிழ்ப் பக்கம்தான் கிடைக்க வேண்டும், ஆனால் பாத்திரம், எண்ணெய் விற்கிற நம் ஆட்கள் வெப்சைட்டில் தமிழே இருப்பதில்லை. ஆகவே போட்டி குறைவு. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். மேலே தமிழ்ப் பெயர், பக்கத்தில் ஆங்கிலப் பெயர். கீழே கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற நாலு கேள்வி. நாற்பது வேண்டாம், உண்மையாகக் கேட்கிற நாலு. "இன்டக்ஷனில் வைக்கலாமா?", "துருப் பிடித்தால் என்ன செய்வது?", "புதுக் கல்லை எப்படிப் பழக்குவது?" பதிலின் முதல் வாக்கியத்திலேயே ஆமாம் இல்லை சொல்லிவிடுங்கள், விளக்கம் அப்புறம். எழுத்தைப் படமாகப் போடாதீர்கள். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கூகுளுக்கு அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

கோவைத் தம்பி, துருப் பிடித்த கல்லை மீட்பது பற்றி உங்கள் ஷெட்டில் வேலை செய்கிறவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள்.

கோவை_வார்ப்பு

கேட்டுவிட்டேன் அக்கா. "முதல்ல கல்லுப்பையும் எண்ணெயையும் போட்டுத் தேங்காநார்ல தேய்க்கச் சொல்லு, மிச்சத்தை அப்பறம் சொல்றேன்" என்றார். இப்போது அடுத்த பேட்ச் கல்லுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மிச்சத்தை வாங்கிக்கொள்கிறேன். தலைப்பை மாற்றியாயிற்று. தமிழ் ஆப்பில் பழைய தலைப்பு எப்படித் தெரிந்தது என்று ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, அதை இங்கே போட வெட்கமாக இருக்கிறது. ஏஜென்சிக்காரர் இன்றைக்கும் கூப்பிட்டார். செக்கடி அண்ணா கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். எனக்கும் மீட்டிங்தான்.